வெளித் தாழ்ப்பாள்

செண்ட் தெளித்த கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகே நின்றவரைப் பார்த்ததுமே டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். சலவைச் சட்டை, பளபளக்கும் ஷூ.

"நீங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டீங்க. உள்ளே கிடக்கிறவர் எதைப் பிடிச்சுக்குவார்?" என்று கேட்டபடியே அவரைத் தாண்டி உள்ளே போனார்.

வயதானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நடமாடும் மருத்துவ வண்டியில் டாக்டருக்கு ஆறு வருட அனுபவம். பார்க்காத அழுக்கில்லை, முகராத நாற்றமில்லை. இந்த அறையில் அவரே முதல் வேலையாக ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கட்டிலில் ஒரு பெரியவர். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போயிருந்தன. இடுப்பில் கட்டியிருந்த டயப்பர் எப்போதோ நிரம்பி, படுக்கையெல்லாம் ஈரம். கைக்கு எட்டாத ஸ்டூலில், யாருக்காக வைத்தார்களோ, காய்ந்துபோன ரொட்டி இரண்டு துண்டு.

டாக்டர் அவரை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தார். முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அதற்குள் வெள்ளை வெள்ளையாக நெளிந்தது.

புழு.

"டாக்டர், நான் வந்து..." என்று ஆரம்பித்தார் சலவைச் சட்டை.

"ஒண்ணும் பேசாதீங்க. கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வெச்சிருக்கே, எதுக்கு? இவர் எழுந்து ஓடிடுவாருன்னா?"

அவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

டாக்டர் கீழே இருந்த டிரைவருக்கு போன் போட்டார். "புண் கட்டுற பெட்டியை மேலே கொண்டாங்க. சீக்கிரம்."

"முட்டி வலி மேடம். படியில கால் வைக்க முடியலை."

டாக்டருக்கு எரிச்சலாக இருந்தது. மற்ற நாளில் டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார். திரும்பி வரும்போது பெற்றவர்களைக் கவனிக்காத பிள்ளைகளை வழி நெடுகத் திட்டித் தீர்ப்பார். இன்றைக்கு என்னவோ, தெருவும் கதவு எண்ணும் மட்டும் எழுதிய சீட்டைக் கையில் வாங்கியதுமே, "மூணு மாடி ஏறணும், லிஃப்ட்டும் கிடையாது, நாளைக்குப் பார்க்கலாமே மேடம்" என்று இழுத்தார்.

"நீங்க போய் எடுத்துட்டு வாங்க. இதையாவது செய்யுங்க" என்று டாக்டர் சலவைச் சட்டையை விரட்டினார்.

பெட்டியோடு திரும்பியவரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. கைக்குட்டையைக் காணோம். இப்போதுதான் உறைக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, டாக்டர் ஒரு ஜோடி கையுறையை அவரிடம் நீட்டினார்.

அவர் பெரியவரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, டாக்டர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பதினொன்றுக்கு மேல் எண்ணவில்லை. பெரியவர் வார்த்தையே வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். பெற்ற பிள்ளை செய்கிற காரியமா இது என்று டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்" என்றார் கட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே. "இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்க்கலைன்னா இவர் பிழைக்க மாட்டார். பிழைச்சாலும் இந்த ரூமுக்குத் திருப்பி அனுப்ப நான் விட மாட்டேன். மகன் மேல புகார் எழுதப்போறேன். பேரைச் சொல்லுங்க."

"தெரியாது டாக்டர்."

"சொந்தப் பேரே தெரியாதா?"

"நான் இவர் மகன் இல்லை. எதிர் வீட்டுக்கு முந்தாநாள்தான் குடிவந்தேன். காலையில ஆபீஸுக்குக் கிளம்பறப்போ, இவர் மகன்னு கீழ் வீட்டுல சொன்ன ஆள் வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்துல உள்ளேருந்து முனகல் கேட்டுது. திறந்து பார்த்தேன், வயித்தைப் புரட்டிருச்சு. உங்க ஆபீஸுக்கு போன் பண்ணினதே நான்தான்."

டாக்டரின் பேனா நின்றது. சொன்னதையெல்லாம் எப்படித் திரும்ப விழுங்குவது என்று தெரியவில்லை. "மன்னிச்சுக்குங்க, சார்" என்றார் தாழ்ந்த குரலில். ஆனால் கோபம் ஆறவில்லை. இப்போது அதற்கு ஆள் வேண்டியிருந்தது.

"அந்த மகனை மறுபடி பார்த்தா உங்களால அடையாளம் காட்ட முடியுமா?"

"இப்பத்தான் பார்த்துட்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்."

"இங்கேயா? யாரு?"

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"உங்க டிரைவர்தான், டாக்டர்."