கோழியின் இரைப்பை எங்கே?

"கோழி இருக்கு, இரைப்பையைக் காணோமே!"

மெங்கே அத்தை சட்டிக்குள் கரண்டியை விட்டு மறுபடியும் துழாவினாள். கால் வந்தது, நெஞ்சு வந்தது, கழுத்துகூட வந்தது. இரைப்பை மட்டும் வரவில்லை.

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவள் கரண்டியையே பார்த்தார்கள்.

கோழி அடித்தால் இரைப்பை வீட்டுத் தலைவருக்கு. எல்லோர் முன்னாலும் அவர் அதை மென்று விழுங்கிய பிறகுதான் மற்றவர்கள் கை வைக்க வேண்டும். ஆனால் பெரியவர் எசோம்பாவின் கிண்ணத்தில் நிலக்கடலைக் குழம்பும் ரெண்டு துண்டு வாழைக்காயும்தான் இருந்தன.

அவருடைய தம்பி ஒவோனா சிரித்தார். "என்ன அண்ணா, கோல்கீப்பர் இல்லாமலேயே மேட்சை ஆரம்பிச்சுட்டாங்க போல?"

"நீ சும்மா இருடா!" என்று அதட்டினாள் அத்தை. "பிலோவா! இங்க வாடி."

சமையல் கட்டிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து நின்றாள் பிலோவா.

பிலோவாவும் எசோம்பாவின் மகன் அபெகாவும் ஆறு மாதமாக இந்த வீட்டில்தான் சேர்ந்து வாழ்கிறார்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அவள் பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டுபோனால்தான் அவள் இந்த வீட்டு மருமகள். போகலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் எசோம்பாவின் தங்கையான அத்தை. அதற்காகத்தான் தலைநகர் யவுண்டேயிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"இரைப்பை எங்கடி?"

பிலோவா மறுபடியும் கையைத் துடைத்தாள்.

"பூனை தூக்கிட்டுப் போயிருக்கும் அத்தை," என்றான் அபெகா அவசரமாக.

"இந்த வீட்டுல பூனை ஏதுடா? பொண்டாட்டிக்காகப் பூனை வேற வளக்கிறியா? நீ சொல்லுடி. எங்க அது?"

பிலோவா ஒரு கணம் பெரியவரைப் பார்த்தாள். அவர் தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சாப்பிட்டேன் அத்தை."

ஒவோனா கையிலிருந்த பனங்கள் குவளை மேசையில் இறங்கியது. இந்த முறை அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"கேட்டியா அண்ணா?" அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "கேமரூன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இப்படி ஒருத்தி கிடைக்க மாட்டா! மாமனார் வாய்க்குப் போக வேண்டியதை அடுப்படியில நின்னே முழுங்கிட்டு, கொஞ்சம்கூட வெக்கமில்லாம சொல்றா பாரு!"

"பசிச்சா கேட்டிருக்கலாம்ல?" என்றான் அபெகா. "ரெண்டு தொடையும் நீயே எடுத்திருந்தாகூட ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. போயும் போயும் அதைத்தானா?"

"தப்புதாங்க," என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

"தப்புன்னு சொன்னா ஆச்சா? துணிமணியை மூட்டை கட்டு. சாயங்காலம் என் கூடவே பஸ் ஏறு. உங்க அம்மா வீட்டு வாசல்ல நானே கொண்டுபோய் விட்டுட்டு, ஏன்னும் சொல்லிட்டு வரேன்."

பிலோவாவின் கண் நிறைந்துவிட்டது.

இத்தனை சத்தத்துக்கு நடுவில் எசோம்பா ஒரு கரண்டி குழம்பை அள்ளி வாயில் வைத்தார். வாய் சட்டென்று நின்றது. நாக்கால் ஒரு முறை துழாவிப் பார்த்தார். நிமிர்ந்து பிலோவாவைப் பார்த்தார். பிறகு இன்னொரு கரண்டி, அதன் பிறகு இன்னொன்று. நிதானமாக விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மெங்கே, கத்தாத. நான்தான் அவளைச் சாப்பிடச் சொன்னேன்."

"என்னது?"

"காலையிலேயே சொல்லிட்டேன். இன்னிக்கு இரைப்பை உனக்குத்தாம்மான்னு. பாவம், என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு பேசாம நிக்குது."

அத்தை கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டாள். தன் வாய்க்கு உரியதைத் தலைவரே ஒருத்திக்குக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அவளை வேண்டாம் என்று சொல்ல அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வழியில்லை.

"ஏன் அண்ணா," என்றாள் கடைசியில். "இத்தனை வருஷம் உனக்குத் தங்கச்சியா இருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கு ஒரு கடி கொடுத்திருப்பியா?"

"நீ கேக்கவே இல்லையே?"

"கேட்டா கொடுப்பாங்களா அதை!"

ஒவோனா குபீரென்று சிரித்துவிட்டார். அத்தையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். சாப்பாடு முடிவதற்குள் சீர் கொண்டுபோக நாள் குறித்தாகிவிட்டது. எத்தனை ஆடு, எத்தனை துணி என்று அத்தைதான் எல்லோரையும் விட உரக்கப் பேசினாள்.

சாயங்காலம் அத்தையை பஸ் ஏற்றிவிட அபெகாவும் ஒவோனாவும் கூடவே போனார்கள். பிலோவா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எசோம்பா மெல்ல வந்து பக்கத்தில் நின்றார். தெருப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மா, பிலோவா..."

"என்ன மாமா?"

"அடுத்த தடவை இரைப்பையை இன்னும் கொஞ்சம் மைய இடிச்சுக் குழம்புல போடும்மா. ஒரு துணுக்கு, மிச்சமிருக்கிற ஒரே கடைவாய்ப் பல்லுல மாட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது."