ஒற்றை இருக்கை

சாப்பாட்டு மேசையின் நடுவில் விமானத்தை இறக்கி வைத்துவிட்டு ஜின்சன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஒரு சாண் நீளம்கூட இல்லாத சீ ஹாக். கப்பலிலிருந்து கிளம்புகிற பழைய கடற்படை விமானம். ஓர் ஆள்தான் உட்காரலாம். சுவக்கீன் பெரியப்பா கேட்டார் என்பதற்காகத் தபாலில் வரவழைத்து, துண்டு துண்டாக வந்த பிளாஸ்டிக்கைத் தேய்த்து ஒட்டி, வண்ணம் பூசி முடிக்க மூன்று மாதம் ஆகியிருந்தது.

மழை பிடித்துவிட்டால் சூரியநெல்லியில் ஜீப்புக்குச் சவாரி கிடையாது. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற கைகளுக்கு அந்த மாதங்களில் இதுதான் வேலை.

பெரியப்பா பூதக்கண்ணாடியை எடுத்தார். வாலடியில் இருந்த கொக்கியைப் பார்த்தார். சக்கரங்களைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுபோல் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கண்ணாடி மூடிக்குள் விமானி உட்கார்ந்திருந்தார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவர். தோளில் இருக்கையோடு சேர்த்துக் கட்டிய வார்கள்கூடத் தெரிந்தன.

மூடிக்குக் கீழே, வெள்ளை எழுத்தில், பெரியப்பா கேட்காமலே ஜின்சன் ஒரு பெயரை எழுதியிருந்தான். சுவக்கீன்.

எஸ்டேட் முழுக்க அவர் பைலட் சுவக்கீன்தான். கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஏழு வயதில் அவரை அண்ணாந்து பார்த்துத்தான் ஜின்சனுக்கு விமானப் பைத்தியம் பிடித்தது.

பூதக்கண்ணாடி அந்தப் பெயரின் மேல் அப்படியே நின்றது.

“இது நான் இல்லய்யா.”

முகம் சரியாக வரவில்லை போல என்று ஜின்சன் நினைத்தான்.

“நான் ஒரு நாளும் ஓட்டல. மெக்கானிக்கு. ஏணியில ஏறி அவங்கள உக்கார வச்சு, வாரு கட்டி அனுப்புற ஆளு.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. செபமாலையம்மாள் பெரியம்மா கதவோரம் வந்து நின்றார். அவருக்குத் தெரிந்ததுதான். இன்னொருவர் முன்னால் கணவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

முதல் லீவில் பெரியப்பா வெள்ளை உடுப்போடு வந்து இறங்கியபோது லயத்து வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர் அந்தப் ‘பைலட்’. கேட்கப் பெருமையாக இருந்தது. விட்டுவிட்டார்.

அடுத்த லீவில் வந்தபோது இல்லையென்று சொல்லிவிடத்தான் நினைத்தார். சொன்னால், அப்புறம் அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். வார் கட்டுகிற வேலை என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

இரண்டு லீவுக்கும் நடுவில் ஒரு நாள் காலையில், அவர் வார் கட்டி அனுப்பிய விமானம் கப்பலைத் தாண்டியதும் கடலில் விழுந்தது. கொஞ்ச நேரம் மிதந்தது. தளத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். மூடி திறந்தது. ஆள் வெளியே வரவில்லை.

“அனந்தநாராயணன் சாரு. கல்பாத்திக்காரரு. என்கிட்ட மட்டும் தமிழ்ல பேசுவாரு. ‘நன்னா இறுக்கிக் கட்டுடா’ம்பாரு. அன்னைக்கும் இறுக்கித்தான் கட்டுனேன்.”

உங்கள்மேல் என்ன தப்பு என்று சொல்ல ஜின்சன் வாயெடுத்தான்.

பெரியப்பா விமானத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

“மூடியத் தெறந்து அவர வெளிய எடுத்துரு.”

“ஒட்டியாச்சு பெரியப்பா. எடுத்தா ஒடஞ்சிரும்.”

“ஒடயட்டும்.”

ஜின்சன் பிளேடை எடுத்தான். மூன்று நாள் தேய்த்துப் பளபளப்பாக்கிய மூடி இரண்டாகப் பிளந்தது. சின்ன இடுக்கியால் விமானியைப் பிடித்து இழுத்தான். முதுகில் கொஞ்சம் வண்ணம் உரிந்தது. வார்கள் இருக்கையோடு தங்கிவிட்டன.

பெரியப்பா விமானியை மேசையில் நிற்க வைத்தார். விழுந்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தார்.

உட்கார்ந்த வாக்கில் வார்த்த பொம்மை. முழங்கால் நீளாது.

ஜின்சன் அவரை எடுத்து, கால் தொங்கும்படி இறக்கையின் விளிம்பில் உட்கார வைத்தான். பிறகு பிளேடு முனையால் தான் எழுதிய பெயரைச் சுரண்டினான்.

“அவரு பேர எழுதவா?”

“எழுது. முழுசும் எழுது.”

அதன் பிறகுதான் பெரியப்பா மீதியைச் சொன்னார்.

“கல்பாத்தியில அவரு மக இருக்கு. அவரு போயி மூணு மாசம் கழிச்சுப் பொறந்த புள்ள. யார் யார்கிட்டயோ கேட்டு என் நம்பரத் தேடிப் புடிச்சு, சித்திரையில போன் பண்ணுச்சு. அப்பாவக் கடைசியாத் தொட்டது நீங்கதானாமேன்னு கேட்டுச்சு. மறுநாத்தான் உன்கிட்ட விமானம் கேட்டு வந்தேன்.”

நாளைக் காலையில் கல்பாத்திக்கு ஜீப்பை எடுக்கிறேன் என்று ஜின்சன் சொன்னான்.

பெரியம்மா ஒரு செருப்புப் பெட்டியில் பஞ்சு பரப்பிக் கொண்டுவந்து வைத்தார். விமானத்தை அதில் இறக்கினார்கள். இறக்கையில் ஒரு சொட்டுப் பசை வைத்துவிட்டு, எந்தப் பக்கம் பார்க்க உட்கார வைப்பது என்று ஜின்சன் கேட்டான்.

பெரியப்பா பெட்டியின் மூடியைப் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டு எடுத்துப் பார்த்தார்.

பசை காய்வதற்குள், பெட்டியைத் திறக்கிறவருக்கு முகம் தெரிகிற மாதிரி, நகத்தால் அவரை மெல்லத் திருப்பி வைத்தார்.