கடலுக்குப் போகும் போன்

மீனவர்களுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருந்தான் சுதர்சன். படகு ஆபத்தில் சிக்கினால் ஆப்பில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தி உதவி கேட்க வேண்டும். சோதித்துப் பார்க்க அவன் மேஜையில் இரண்டு போன்கள் இருந்தன. பெரிய போனில் எல்லாம் கச்சிதமாக வந்தது. சின்ன போனில் அந்தப் பொத்தான் திரைக்குக் கீழே போய் மறைந்துவிட்டது.

"எதுக்கெடுத்தாலும் நீதான் மக்கர் பண்றே," என்றது பெரிய போன்.

"சட்டை பத்தலைன்னா சட்டையைப் பிரிச்சுத் தைக்கணும். உடம்பையா திட்டுவாங்க?" என்று பொரிந்தது சின்ன போன். "இவ்வளவு விலை போட்டு வாங்கின உன்னைக் கடல் உப்புத்தண்ணிக்கு எவன் எடுத்துட்டுப் போவான்?"

சுதர்சனுக்கு இது எதுவும் கேட்கவில்லை. 'இந்த ஆப் உங்கள் போனுக்கு ஏற்றதல்ல' என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, சின்ன போனை இழுப்பறைக்குள் போட்டு மூடினான்.

துறைமுகத்தில் வெளியீட்டு விழா நடந்தது. சுதர்சன் பெரிய போனைத் தூக்கிக் காட்டி, "எல்லாரும் ஆப்பைத் திறங்க," என்றான். கூட்டத்தில் எழுந்த கைகளில் எல்லாம் சின்ன போன்கள்தான். அத்தனையிலும் அந்த ஒரே வரி வந்து நின்றது.

படகோட்டி சிலுவைதாசன் அதைப் படித்துவிட்டு மேடையைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு அந்தப் பெரிய போனை எடுத்துக்கிட்டு நீயே எங்ககூட வா தம்பி."

பெரிய போன் சட்டென்று தன் திரையை அணைத்துக்கொண்டது.