குங்குமம் வைத்த பெருச்சாளி

பெருச்சாளிக்குப் பொறுக்கவில்லை. டீக்கடைக்கு அடியில் அது வளை தோண்டினால் தடியோடு துரத்துகிறார்கள். மெட்ரோ ஸ்டேஷனுக்குக் குழி தோண்ட வந்த இயந்திரத்துக்கோ மாலை, குங்குமப் பொட்டு, எலுமிச்சம்பழம், கற்பூரம்!

"நீயும் பொட்டு வெச்சுக்கோ அண்ணே," என்று சிரித்தது இயந்திரம்.

சிந்திக் கிடந்த குங்குமத்தில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இயந்திரத்துக்கு முன்னாலேயே பெருச்சாளி தோண்ட ஆரம்பித்தது.

தடியோடு ஓடிவந்த வாட்ச்மேன் அந்த நெற்றியைப் பார்த்ததும் தடியை எறிந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிள்ளையாரோட வாகனம்யா!"

சாயங்காலத்துக்குள் அங்கே ஒரு கொட்டகை, உண்டியல், தட்டு நிறையக் கொழுக்கட்டை. ஸ்டேஷன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

கிளம்பும்போது இயந்திரம் எட்டிப் பார்த்தது. "என்னண்ணே, தோண்டலையா?"

பெருச்சாளி கொழுக்கட்டையை விழுங்கியது. "மண்ணும் சேறுமா கோயில் வாசல்ல வந்து நிக்கிறியே, தள்ளி நில்லுப்பா!"