ஜெனரலின் மூன்று வழிகள்

"அவரை ஜனாதிபதி ஆக்கினது கட்சியும் இல்ல, நாடும் இல்ல. நான்தான்" என்றார் வினிஃபிரட், காபியை ஊற்றியபடி.

புரொபசர் லண்டீனின் பேனா நின்றுவிட்டது. ஜெனரல் ஹாஸ்கின் ஏன் தேர்தலில் நின்றார் என்று பல வருடங்களாக அவர் எழுதிவரும் வரலாறு அச்சுக்குப் போக, ஜெனரலின் மனைவியுடைய இந்தப் பேட்டி ஒன்றுதான் பாக்கி. 'தேசத்தின் அழைப்பு' என்ற கடைசி அத்தியாயம் அவர் கண்முன்னே சரிந்தது.

"எப்படி மேடம்?"

"ராணுவத்துல மேலதிகாரிகிட்ட எதையும் நேரா கேக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதைப் பற்றி ஒரு முழு அத்தியாயமே எழுதியிருந்தார். கீழே இருப்பவர்கள் எப்போதும் மூன்று வழிகளைக் கொண்டுபோய் வைப்பார்கள். தங்களுக்கு வேண்டியதை நடுவில் வைத்து, புத்தியுள்ளவன் தொடாத இரண்டை முன்னும் பின்னும் நிறுத்துவார்கள். தளபதியும் தானே முடிவெடுத்த திருப்தியோடு நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வார்.

"அவர் ஓய்வு பெற்ற மறுநாள், முட்டையைத் தட்டுல வெச்சுட்டு நானும் அதையேதான் செஞ்சேன். ஒமாஹாவுல எங்க அக்கா தொப்பிக் கடையில கல்லாவுல உக்காருங்க. இல்லேன்னா, இந்த ஏரிக்கரையில வீடு வாங்கி, நாம ரெண்டு பேரும் மீன் பிடிச்சுக்கிட்டு இருக்கலாம். அதுவும் வேண்டாம்னா, ஜனாதிபதி தேர்தல்ல நில்லுங்கன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"முட்டையைச் சாப்பிட்டு முடிச்சார். வாயைத் துடைச்சார். 'மூணாவது'ன்னார்."

புரொபசர் துள்ளாத குறை. பழைய அத்தியாயம் போனால் என்ன, அதைவிடப் பெரியது கிடைத்துவிட்டதே!

"அடேயப்பா! வெள்ளை மாளிகை மேல உங்களுக்கு அவ்வளவு ஆசையா? யுத்தத்துல யாருக்கும் வளையாத மனுஷனை ஒரு முட்டையில வளைச்சுட்டீங்களே, மேடம்!"

வினிஃபிரட் சிரிக்கவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த ஏரிக்கரை வீடு, ஜெனரல் இறந்த பிறகு அவர் தனியாக வாங்கியது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் உட்காரும் படகு ஒன்று, ஒருநாளும் தண்ணீர் காணாமல் கரையில் கிடந்தது.

"எட்டு வருஷம் அந்த மாளிகையில வந்தவன் போனவன் கையைக் குலுக்கியே என் விரல் வீங்கிப்போச்சு. நீங்க எழுதின அத்தியாயத்தை நீங்களே மறந்துட்டீங்களே, புரொபசர்."

வீங்கிய அந்த விரலை ஜன்னல் பக்கம் நீட்டினார்.

"நான் நடுவுல வெச்சது அந்தப் படகை."