அம்மன் உத்தரவு

"சாமி குடுக்கிற புள்ளய கத்தி வச்சி நிறுத்தறதா? இது அடுக்குமா பூசாரி?"

கங்கம்மா கோயிலுக்குள் நுழையும்போதே சுந்தராம்பாள் ஆரம்பித்துவிட்டாள். பின்னால் மகன் எத்திராஜ். அவனுக்கும் பின்னால், இரண்டு பெண் குழந்தைகளோடு மருமகள் காஞ்சனா.

பூசாரி முனிரத்தினம் காஞ்சனாவைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டாக்டரம்மா என்னா சொன்னாங்க?"

"ரெண்டும் வயித்தக் கிழிச்சி எடுத்தது. மூணாவது உண்டானா உசுருக்கு கேரண்டி இல்ல, ஆபரேஷன் பண்ணிக்கோன்னு சொல்றாங்க சாமி," என்றாள் காஞ்சனா.

"டாக்டருங்க அப்பிடித்தான் பயமுறுத்துவாங்க," என்றான் எத்திராஜ். "பெருமாளு குடுக்கிறத வேணான்னு சொல்ல நாம யாரு? அந்தப் பாவத்த யாரு சொமக்கிறது?"

அவனுக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. அங்கே மேனேஜர் பேச்சைக் கேட்பான். வீட்டில் யார் பேச்சையும் கேட்கமாட்டான்.

"அதுக்குத்தான் பூ கேக்கலாம்னு இவன இட்டாந்தேன்," என்றாள் சுந்தராம்பாள். "வெள்ள வந்தா ஆபரேஷன். செவப்பு வந்தா கூடாது. அம்மன் சொன்னா சொன்னதுதான்."

"அம்மனே சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன்," என்றான் மகன்.

சுந்தராம்பாள் கொண்டுவந்த தட்டில் கொஞ்சம் வெள்ளை ரோஜாக்கள், ஒரே ஒரு சிவப்பு. முனிரத்தினம் தட்டை வாங்கிக்கொண்டு சன்னதிப் பக்கம் திரும்பினார்.

இத்தனை வருடப் பூசாரி வேலையில் அவர் பூவில் விளையாடியதில்லை. இன்றைக்கு விளையாடிவிடுவது என்று முடிவு செய்தார். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்து மடித்துவிடலாம். பாவம் வந்தால் தன்னோடு போகட்டும்.

"குடு இப்பிடி!" சுந்தராம்பாள் தட்டைப் பிடுங்கினாள். "இவ மூஞ்சியப் பாத்து எரக்கப்பட்டு நீ எதுனா கோல்மால் பண்ணிடுவ. நானே மடிக்கிறேன்."

முனிரத்தினம் வெறுங்கையோடு அவளைப் பார்த்தார். இவளும் ஒரு பெண்தானா?

அவள் தூணுக்கு அந்தப் பக்கம் போய், வாழையிலைத் துண்டுகளில் பூவை வைத்து மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் இரண்டு பொட்டலங்களையும் போட்டாள். கற்பூரம் காட்டியாயிற்று. மூத்த பெண் அக்ஷயாவை ஒன்றை எடுக்கச் சொன்னார்கள்.

காஞ்சனா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முனிரத்தினமும்தான்.

எத்திராஜ் நூலைப் பிரித்தான்.

வெள்ளை.

"ஐயோ, எங்க வமிசம் இதோட நின்னுடுச்சே!" சுந்தராம்பாள் மாரில் அடித்துக்கொண்டாள். "பூசாரி, இன்னொரு தபா கேளு!"

"வாய மூடும்மா!" எத்திராஜ் அதட்டினான். "அம்மனே உத்தரவு குடுத்தாச்சி. அதுக்கு மேல நீ யாரு? நாளைக்கே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கப் போனான்.

கோயில் காலியானதும் முனிரத்தினம் அம்மன் காலடியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். மனசு கேட்கவில்லை, பிரித்தார்.

அதிலும் வெள்ளை.

சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். வாசலில் சுந்தராம்பாள் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். "நட சீக்கிரம். ஆம மாதிரி நடந்துக்கினு..."

திட்டிக்கொண்டே, இடுப்பில் செருகியிருந்த சிவப்பு ரோஜாவை எடுத்து மருமகளின் தலையில் வைத்துவிட்டாள்.