சுவரில் ஒரு உண்ணி

“ஒரு வாய் காபிகூடக் குடிக்காம எழுந்து போயிட்டாங்க.” வசுமதியின் குரல் உடைந்திருந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் காபியைத் தொடாமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கூடுவாஞ்சேரியில் அது யாருக்குத்தான் தெரியாது? மகள் சஹானா தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள். தட்டிப்போன வரன்கள் ஏற்கெனவே அவளைப் பாதியாக்கியிருந்தன. இந்த ஆனந்தனைத்தான் அவளுக்கு மனசாரப் பிடித்திருந்தது.

“எல்லாம் அந்த நாயாலதான்” என்றாள் வசுமதி.

ஜூலிக்கு உடம்பெல்லாம் உண்ணி. காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் என்று அப்பிக்கிடந்தது. போதாததற்கு நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் ஜன்னல் சட்டத்திலும் குடியேறிவிட்டது. வசுமதியின் கணவர் பன்னீர்செல்வம் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக, கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவார். மறுநாள் பார்த்தால் மறுபடியும் இருக்கும்.

ஆனந்தன் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீடே அமர்க்களப்பட்டது. கால்நடை டாக்டர் கொடுத்த மருந்தில் நாயைக் குளிப்பாட்டினார்கள். மூலை முடுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்தார்கள். பாய், தலையணை எல்லாம் மொட்டை மாடி வெயிலுக்குப் போயின. அன்றைக்கு மட்டும் ஜூலியை அடுத்த தெருவில் தெரிந்தவர் வீட்டில் கட்டிவிட்டு வந்தார்கள்.

தரகர் தாமோதரன் முன்பே எச்சரித்திருந்தார். “மாப்பிள்ளையோட அம்மா எல்லம்மாள் அதிகம் பேச மாட்டாங்க. அந்த வீட்ல எல்லாமே மாப்பிள்ளையோட அத்தைதான், வேண்டான்னு பேரு. அவங்க சரின்னாதான் சரி. சுத்தம் சுத்தம்னு உயிரை எடுப்பாங்க. டம்ளர்ல எறும்பு மெதந்துச்சுன்னு ஒரு சம்பந்தத்தையே வேணாம்னவங்க.”

வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேனில் வந்தார்கள். விவசாயக் குடும்பம். சுவரை ஒட்டினாற்போல் வேண்டா உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் எல்லம்மாள். பேச்சு நன்றாகத்தான் போனது. வேண்டா இரண்டு முறை சிரிக்கக்கூடச் செய்தாள்.

சஹானா காபித் தட்டோடு வந்தபோதுதான் வசுமதி அதைப் பார்த்தாள். வேண்டாவின் தலைக்குப் பின்னால், வெள்ளைச் சுவரில், மிளகுபோல ஒரு உண்ணி கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லம்மாளும் பார்த்துவிட்டாள். இரண்டு தாய்களின் கண்களும் சந்தித்தன. வசுமதிக்கு உயிரே போய்விட்டது. தலை குனிந்துகொண்டாள்.

“எடுத்துக்குங்க அத்தை.” சஹானா தட்டை முதலில் எல்லம்மாளிடம்தான் நீட்டினாள்.

“வேணாம்மா” என்றாள் எல்லம்மாள். கையைக்கூட நீட்டவில்லை. “அண்ணி, ஏந்திரிங்க. மழ வர்ற மாதிரி கீது. கெளம்பலாம்.”

“இன்னாடி இது, பொண்ணு காபி எடுத்தாந்து நிக்குது...”

“போற வயில பேசிக்கலாம் அண்ணி.”

வேண்டாவை இழுக்காத குறையாக வாசலுக்குக் கூட்டிப் போய்விட்டாள். ஆனந்தன் ஒன்றும் புரியாமல் பின்னால் போனான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வசுமதி வாய் ஓயவில்லை. “மாட்டுக்கொட்டாய்ல புழங்குறவங்க. அவங்க பார்க்காத உண்ணியா? என்னமோ நம்ம வீட்ல தீட்டுப் பட்ட மாதிரி ஓடுறாங்க. அத்தைக்காரிக்குத்தான் பயந்தோம். அந்த ஊமைதான் நம்ம தலையில கல்லைப் போட்டுட்டா.”

“விடு வசு. நாய் இருக்குன்னு நாமளும் சொல்லலையே” என்றார் பன்னீர்செல்வம்.

“அந்த நாயைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வாங்க. என் பொண்ணு வாழ்க்கையைவிட அது பெருசில்லை.”

சஹானா ஆறிப்போன காபியைக் கொட்டி டம்ளர்களைக் கழுவினாள். அழவில்லை. அதுதான் பெற்றவர்களை ரொம்ப பயமுறுத்தியது.

அடுத்த வாரம் எல்லம்மாள் தனியாகப் பஸ் பிடித்து வந்து இறங்கினாள். வாசலில் ஜூலி குரைத்தது. இந்தத் தடவை அதை மறைக்க நேரமில்லை, மறைக்கும் எண்ணமும் வசுமதிக்கு இல்லை.

வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நிலைப்படியில் நின்றுகொண்டாள். “முடியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? தரகர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கலாமே.”

எல்லம்மாள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். “யாரு முடியாதுன்னது? அண்ணிக்குப் பொண்ண ரொம்பப் புடிச்சிப்போச்சு. தை மாசம் பூ வெச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மின்னாடி மறுபடியும் வூட்டுக்கு வர்றேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. அதான் உங்ககிட்ட காதுல போட்டுட்டுப் போலாம்னு ஓடியாந்தேன். அவுங்க வர்றதுக்குள்ள இந்தச் செவுத்து வெடிப்புல்லாம் பூசிடுங்க சம்பந்தி.”

சம்பந்தி என்ற வார்த்தையைக் கேட்டதும் வசுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

“அப்புறம் ஏங்க அப்படிப் பண்ணீங்க? என் பொண்ணு கையால ஒரு வாய் காபி வாங்கலையே நீங்க. அவ இன்னும் சரியா சாப்பிடக்கூட இல்லை.”

எல்லம்மாள் உள்ளே நின்ற சஹானாவைப் பார்த்தாள். கிட்டே போய் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

“அந்த உண்ணி எங்க அண்ணி தோள் மேல எறங்கிடுச்சும்மா. அவுங்க பாக்கறதுக்குள்ள எடுத்து வலது உள்ளங்கையில மூடிக்கினேன். கையத் தொறந்தா உங்கம்மா மானம் போயிடும். காபிய நான் எப்பிடிம்மா வாங்குவேன்?”